சமையல் கொட்டகைக்கு அந்தப் பக்கம்

கல்லூரி விடுதி முற்றத்தில் ஏதோ விழாவுக்காகக் கூடாரத் துணியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நேற்றைய மழையில் நனைந்துவிட்டது. இன்று வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாடை. கித்தான், சேறு, பழைய கயிறு. வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டேன். அழுகை வரவில்லை. உன்மேல் கோபம் வந்தது.

நீ இறந்து இரண்டு வருடமாகிறது. எனக்குப் போன வாரம்தான் தெரியும். பாகாலாவிலிருந்து ரயிலில் வந்து படிக்கும் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். டைபாய்டு. “உனக்குத் தெரியாதா?” என்றாள்.

தெரியாது.

வருடத்துக்குப் பத்து நாள்தான் நமக்கு. கோடை விடுமுறையில், திருப்பதி மலையடிவாரத்து மாந்தோப்பில், பள்ளிப் பெண்களுக்கான முகாம். நீ பாகாலாவிலிருந்து வந்த தெலுங்குக்காரி. நான் திருத்தணிப் பக்கத்துத் தமிழ்க் கிராமம். முதல் வருடம் யார் எந்தக் கூடாரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே பாயில் படுத்தோம். வீட்டில் நான் வாய் திறக்காத பெண். உன்னிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒருத்தி எனக்குள் இருக்கிறாள் என்பதே அங்கேதான் தெரிந்தது.

அடுத்த வருடம் எங்கும் எல்லைப் பேச்சு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு. முகாம் வாசலிலும் ஒரு டீச்சர் நோட்டோடு நின்றார். வீட்டில் என்ன பாஷை? தமிழ் என்றால் சமையல் கொட்டகைக்கு இந்தப் பக்கம். தெலுங்கு என்றால் அந்தப் பக்கம். நான் காலையில் வந்து சேர்ந்தேன். உன்னோடு இருக்க வேண்டும் என்று தெலுங்கு என்றேன். நீ மதியம் வந்தாய். என்னோடு இருக்க வேண்டும் என்று தமிழ் என்றாய். நம் இருவருக்கும் இரண்டும் வரும். டீச்சர் சந்தேகப்படவில்லை.

சாப்பாட்டு வரிசையில் உன்னைப் பிடித்தேன்.

“ஏண்டி மாத்திச் சொன்னே?”

“ஒசே, நீ ஏண்டி மாத்திச் சொன்னே? உன்னத் தேடிக்கினுதானே இந்தப் பக்கம் வந்தேன்!”

சிரித்தோம். முதல் நாள் சிரித்தோம்.

மறுநாள் டீச்சரிடம் போனோம். “ஒருத்தி மாறினாப் போதும். ஆனா கொடி ஏத்தறப்ப எல்லார் முன்னாடியும், பொய் சொன்னேன்னு மன்னிப்புக் கேக்கணும். யாரு கேக்கறீங்க?”

“நீ கேளு,” என்றாய்.

“நான் ஏன் கேக்கணும்? உனக்காகத்தானே சொன்னேன்.”

“நான் மட்டும் யாருக்காக சொன்னேனாம்? எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு.”

சாப்பாட்டு வரிசையில் நாம் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். என் கூடாரத்தில் என்னை ‘அரவம்’ என்றே கூப்பிட்டார்கள். தமிழரைக் கேலி செய்யும் சொல். உன் கூடாரத்திலிருந்து, “ஆந்திரா ராணி, துன்னுட்டீங்களா?” என்று கேட்கும். பிறகு சிரிப்பு. உன் குரல் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்காது.

மிச்சம் எட்டு நாள். நீ வருவாய் என்று நான். நான் வருவேன் என்று நீ. நடுவில் முப்பது அடி இருக்குமா? ஒரு கொட்டகை. கொஞ்சம் புகை.

கடைசி நாள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டினாய். “வர்ற வருஷம் நானே மன்னிப்புக் கேக்கறேன், போ.”

“முதல்ல கேளு. அப்புறம் பாக்கலாம்,” என்றேன்.

உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அடுத்த கோடைக்குள் எங்கள் ஊர் மெட்ராஸோடு போய்விட்டது. முகாம் நோட்டீஸ் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் முகாம்தானே.

போன வருடம் படிக்கத் திருப்பதிக்கு வந்தேன். பாகாலா ரயிலில் கொஞ்ச தூரம். எந்தச் சனிக்கிழமையும் வந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னவள் நீ, முதல் கடிதம் நீதான் போட வேண்டும் என்று இருந்தேன். நான் இங்கே வந்தபோதே நீ இல்லை. ஒரு வருடம் யாரிடம் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தேன்?

சண்டை இன்னும் ஓயவில்லை. நடக்கும்போது, தலை வாரும்போது. நான் தெலுங்கில் கேட்கிறேன். நீ தமிழில் பதில் சொல்கிறாய். ஒவ்வொரு முறையும் நீதான் ஜெயிக்கிறாய். மன்னிப்பை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் சண்டை முடிந்துவிடும். பிறகு உன்னோடு பேச எனக்கு என்ன இருக்கிறது?