ஆறு வாரம் நூலைத் தொடாதே

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனில் பேசலாம்தான். ஆனால் உன் பார்லரில் போனை எடுத்தால் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களும் சேர்ந்து கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன். போன வருஷம் முழுக்க நாலு தடவைதான் மாதவிலக்கு வந்தது என்றேன். முகத்தில் முடி வளர்கிறதா என்று கேட்டார். முந்தின நாள்தான் நீ நூல் போட்டு முடியை எடுத்து என் மோவாயைப் பளபளவென்று ஆக்கி அனுப்பியிருந்தாய். வெட்கப்பட்டுக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். தைராய்டு சோதனையில் கோளாறு இல்லை. நன்றாகத் தூங்கு, இரண்டு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் டிப்போ டைம்கீப்பர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், இப்போது பதில் கேட்கிறார். நான் ஓட்டும் பஸ் லேட்டாக வந்தால் சிரித்துக்கொண்டே எழுதுவார், ஆனால் எழுதாமல் விடமாட்டார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குக் குழந்தை பிறக்காது என்றே தோன்றுகிறது, அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். காரணம் சொல்ல மாட்டேன்.

உன் குட்டி


ஜனவரி 14

என் குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கலக்கத்தில் ஒரு அம்மாவின் புருவத்தைக் கோணலாக்கிவிட்டேன். அவர் ஒரு நர்ஸ். என்ன ஆச்சு என்று கேட்டார், யாரென்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். புருவத்தை மறந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "அடையாளத்தையெல்லாம் நீங்களே பிடுங்கிப் போட்டுட்டு அனுப்பினா, டாக்டர் எத வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

பதினொரு வருஷமாக, இது நம் வீட்டு வாகு என்று சொல்லிச் சொல்லி எடுத்துவிட்டவள் நான்தானே. டாக்டரிடம் போகிற பெண் பளிச்சென்று போகட்டும் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது. மன்னித்துவிடு. ஆறு வாரம் நூலைத் தொடாதே. அப்படியே போய் முகத்தைக் காட்டு. அதுவரை டைம்கீப்பரிடம் வாயைத் திறக்காதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் வளர்த்த தாடியோடு போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள், ஒரு ஸ்கேன். ஸ்கேனுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மற்றவர்கள் நெளிந்தார்கள். நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா?

பி.சி.ஓ.எஸ். என்றார். சினைப்பையில் கருமுட்டைகள் முழுதாக வளராமல் குட்டிக் குட்டியாக நின்றுவிடுகின்றனவாம். புற்றுக்கட்டி என்று பயப்பட வேண்டாமாம். மாதவிலக்கை ஒழுங்குபடுத்த மாத்திரை, தினமும் நடை, சாப்பாட்டில் கவனம். குழந்தை வேண்டும் என்கிறபோது அதற்குத் தனி மாத்திரை உண்டு, நிறையப் பேருக்குப் பிறக்கிறது, ஆனால் உறுதியாக யாராலும் எழுதித்தர முடியாது என்றார். அந்த ‘ஆனால்’ என்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன். வேண்டாம் என்று சொல்வதுதான் நியாயம்.

அக்கா தங்கைகளுக்கு இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் மோவாயை நீ எடுக்கிறாய். உன்னுடையதை யார் எடுக்கிறார்கள்?

உன் குட்டி


மார்ச் 11

குட்டி,

நானேதான் எடுத்துக்கொள்கிறேன். கடை திறப்பதற்கு முன்னால், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். எனக்கும் மாதவிலக்கு வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான். பிள்ளை பெற முடியாதவள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. தன்னிடம் என்ன குறை என்று அவர் எத்தனை நாள் யோசித்தாரோ. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

நீ சரி என்று சொல், வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சொல்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். வண்டி எடுக்க நாலு நிமிஷம் இருக்கும்போது, மோவாய் முதல் மாத்திரை வரை எல்லாவற்றையும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் உங்களத்தான் கேட்டேன். கொழந்தையக் கேக்கலையே," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன், அக்கா. அதில் பஸ் மூன்று நிமிஷம் லேட். அதையும் எழுதிவிட்டார்.

இனி உன் முறை. அந்த நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போ.

உன் குட்டி


ஏப்ரல் 9

என் குட்டிக்கு,

போனேன். எனக்கும் அதேதான். சர்க்கரை வேறு லேசாக எட்டிப் பார்க்கிறதாம், மாத்திரை கொடுத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸம்மா கூடவே நடக்கிறார், கோணல் புருவத்தோடு.

டாக்டர் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். பயமில்லை குட்டி, சந்தோஷம். இத்தனை வருஷமாக என்னை ஏதோ அரைகுறைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் வியாதிதானாம். நோய் இருக்கிறது என்று சொன்னதற்குக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன முதல் ஆள் நான்தான் என்றார்.

அக்கா