மிகவும் திருப்தி

செவ்வாய்க்கிழமை, 12-11-96

டயாலிசிஸ் முடிந்து ஆழ்வார்குறிச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் மனது ஆறவில்லை.

காலையில் பக்கத்துக் கட்டில் சாத்தான்குளம் அண்ணாச்சி கேட்டார்: “சாரே, அந்த வெள்ள மாத்திரைய வெறும் வயித்துலயா முழுங்குதீரு? சோத்தோட சேத்து மென்னு திங்கணும்வே. நம்ம கிட்னி வெளியேத்தாத பாஸ்பரஸ, அது சோத்துலயே பிடிச்சு வெளிய தள்ளுமாம். மதுரையில ஒரு டாக்டர்ட்ட போயி கேட்டுத்தான் எனக்கே தெரியும்.”

எங்கள் டாக்டர் பெருமானின் திருவாக்கு, சீட்டில் 1-1-1 என்று கிறுக்கியதோடு சரி. எலும்புக்குச் சத்து மாத்திரை என்று நானாக நினைத்து, ஒரு வருஷமாக வெறும் வயிற்றில் முழுங்கியிருக்கிறேன். நான் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார்! டப்பாவில் கால்சியம் கார்பனேட் என்று அச்சடித்திருக்கிறது. எதற்கு என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். மருந்துகளைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்படும் விவரங்கள் திருப்தியா என்று அதில் கேள்வி. எங்களுக்கு ஊசி குத்துகிற டெக்னீஷியன் அவள் பக்கத்திலேயே நின்றான்.

“எல்லாம் நல்லா வெவரமா சொல்லுதாவம்மா. பரம திருப்தி” என்று இளித்தார் அண்ணாச்சி. தூ! மதுரை வரை போய்க் கேட்டு வந்த மனுஷன்.

அடுத்தது நான். டெக்னீஷியன் குத்த இடம் தேடி என் கையைத் தடவிக்கொண்டே, “சாருக்கெல்லாம் நாம சொல்லவே வேண்டாம், படிச்சவுக” என்றான். தடித்த ஊசி தட்டில் தயாராக இருந்தது.

‘மிகவும் திருப்தி’யில் டிக் போட்டேன். இத்தனை வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கை. டிக் அழகாகத்தான் விழுந்தது.