கை அரிக்குதுன்னு சொன்னது பொய்

பாப்பா,

நீ லேபிலிருந்து வர்றப்ப நான் நடக்கப் போயிருப்பேன். ஆறு மணிக்கு பிளம்பர் வருவார், குளியலறைக் குழாயைக் காட்டு. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன்.

நேத்து, நான் நடக்கற அடியை எண்ண நீ வாங்கிக் கொடுத்த வாட்ச் டிராயர்ல கிடக்கறதைப் பார்த்துட்டு, "ஆப்பரேஷன் ஆன மனுஷன் பண்ற வேலையாப்பா இது?"ன்னு கத்தின. அதைக் கட்டினா கை அரிக்குதுன்னு சொன்னேன். அது பொய்ம்மா.

முன்னாடி எவ்வளவு நடந்தேன்னு போன் ஆப்புல நானே எழுதி வைப்பேன். நீ வந்ததும், "எவ்வளவுப்பா நடந்தீங்க? மூச்சு வாங்குச்சா?"ன்னு கேப்ப. போனைக் காட்டுவேன். அப்படியே அரை மணி நேரம் பேசிட்டிருப்போம். வாட்ச் கட்டினதிலிருந்து எல்லாம் நேரா உன் போனுக்கே போயிடுது. நீ லேபில இருந்தே கட்டைவிரல் படம் அனுப்பிடுற. வந்ததும் கேக்க ஒண்ணுமில்லாம உன் ரூமுக்குப் போயிடுற.

முந்தாநாள் நான் நடக்கவேயில்ல. சோபாவுல உக்காந்து கையை மட்டும் ஆட்டிட்டிருந்தேன். மூவாயிரம் அடின்னு காட்டிச்சு. அதுக்கும் கட்டைவிரல் அனுப்பின. அன்னிக்குத்தான் கழட்டிப் போட்டேன்.

வாட்ச் நல்லதுதான், நாடித்துடிப்பெல்லாம் பாக்குது. ஆனா எனக்குப் போனே போதும். கோவிச்சுக்காத.

அப்பா

பி.கு.: வாட்சை நீ கட்டிக்கோன்னு எழுத நினைச்சேன். நீ எவ்வளவு நடந்தன்னு எனக்கும் தெரியுமேன்னு ஒரு ஆசை. வேண்டாம்மா. அப்புறம் எனக்கும் உன்னைக் கேக்குற பழக்கம் விட்டுப் போயிடும்.