இரண்டாம் அறையில் காற்று

மிதவை ஆலை, தூத்துக்குடிக் கரைக்கு வெளியே
பணிக்குறிப்பு எழுதுவது: ஸ்டெனிலா, ஒட்டுப் பிரிவு

சித்திரை 11, 07:10
காற்றில் ஈரம் குறைவு. பசைக்கு நல்ல நாள். ரப்பர் துணியை உரசி, மூன்று பூச்சு பசை தடவி, விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது, அதுதான் பதம். உருளையால் அழுத்தி மூட்டினேன். கடைசிக் காற்றுப் படகு, அறுபதாவது, முடிந்தது.

ஐந்து படகுகள் தவிர மற்றவையெல்லாம் உப்பளத் திட்டுக்குப் போய்விட்டன. திட்டில் ஒதுங்கியிருக்கும் சனங்கள் இன்று பிற்பகல் கடல் பெருக்கில் கிளம்புகிறார்கள். மூழ்கிய ஊரின் கூரைகளுக்கு மேலாக, மேட்டு நிலத்துக்கு. என் அக்கா ஜெசிந்தாவும் அவள் கைக்குழந்தையும் அவர்களோடு இருக்கிறார்கள்.

ஆலையில் ஆள் நான் மட்டும்தான். ஆலையை நடத்தும் கணினியை மேஸ்திரி என்போம். துணி வெட்டி, உள்ளே தடுப்பு வைத்து, குழாயாக்கி அனுப்புவது மேஸ்திரி. வால்வும் அடித்தளமும் மூட்டுகளும் என் வேலை.

07:45
திட்டிலிருந்து லூர்து அண்ணாச்சி வயர்லெஸ்ஸில் வந்தார்.
"ஏட்டி ஸ்டெனிலா, கடைசிப் படகு முடிஞ்சிட்டா? இல்ல, உன் கல்யாணச் சீருக்குன்னு எடுத்து வச்சிட்டியா?"
"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. சீருக்கு நீங்க கப்பலே கொண்டாங்க."

பதில் சொன்னது நானில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தாலே எனக்குப் பேச்சு திக்கும். வந்த புதிதிலேயே மேஸ்திரி என் குரலைப் பதிந்துகொண்டு எனக்காகப் பேசத் தொடங்கியது. அந்த ஸ்டெனிலாவைத் திட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். அக்காவுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் வயர்லெஸ் பக்கம் வருவதில்லை.

11:20
படகின் குழாய்க்குள் ஐந்து அறைகள். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் தடுப்பு மற்ற நான்கையும் காப்பாற்றும். காற்றடிக்கும்போது ஐந்து வால்விலும் சேர்த்தே அடிக்க வேண்டும். ஓர் அறை மட்டும் உப்பினால் தடுப்பு இழுபட்டுவிடும். இது ஆலையின் விதி.

இன்று ஐந்து வால்வுக்கும் காற்றைப் பிரிக்கும் கிளைக்குழாய் வெடித்துவிட்டது. ஒற்றைக் குழாயை முதல் வால்வில் மாட்டி, கொஞ்சமாக அடித்தேன்.

இரண்டாம் அறை நிமிர்ந்தது. பிறகு மூன்றாவதும்.

முதல் அறையின் மேல் முழங்காலை ஊன்றினேன். ஐந்தாவது உப்பியது.

11:50
மற்ற நான்கு படகிலும் அதேதான். ஒரு தடுப்பு கழன்றிருக்கலாம். ஐந்து படகிலுமா கழலும்?

12:15
ஐம்பத்தெட்டாம் படகைக் கிழித்தேன். உள்ளே தடுப்பு இல்லை. பசை தடவிய தடம்கூட இல்லை. கழன்று விழவில்லை, வைக்கவே இல்லை.

மேஸ்திரியிடம் தட்டச்சு செய்து கேட்டேன். பதிலை அப்படியே பதிகிறேன்.
"அறுபது படகு கேட்கப்பட்டது. துணி நாற்பத்தைந்துக்கு இருந்தது. தடுப்பை விட்டதால் அறுபது வந்தது. சோதனை: அடித்த காற்று இறங்கக் கூடாது. இறங்கவில்லை. எல்லாம் தேறின."
எந்தப் படகிலிருந்து விட்டாய் என்று கேட்டேன்.
"முதல் படகிலிருந்து."

மூழ்கிய ஊரின் கூரைகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு குத்துப் போதும். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி பார்த்து, ஒவ்வொரு படகிலும் "சரி" என்று நான்தான் எழுதினேன்.

12:40
நானே எடுத்துப் பேசினேன்.
"அ... அண்ணாச்சி, படகுல ஏ... ஏறாதீங்க. உள்ள தடுப்பு..."
"யாரு புள்ள நீ? ஸ்டெனிலா மாதிரியே பேசுத. எங்க ஸ்டெனிலா இப்படித் திக்க மாட்டாளே!"
நான் வாய் திறப்பதற்குள் என் குரல் குறுக்கே வந்தது.
"அண்ணாச்சி, யாரோ விளையாடுதாங்க. கண்டுக்காதீங்க. எல்லாம் ரெடி, கிளம்புங்க."
"அதான பார்த்தேன். வையி புள்ள வயர்லெஸ்ஸ!"
அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். கத்தினேன் என்று நினைக்கிறேன்.
"அவ பிள்ளையோட முதப் படகுல ஏறியாச்சு."

அதற்குப் பிறகு என் பக்கத்துச் சத்தம் அங்கே போகவில்லை. மேஸ்திரி அடைத்துவிட்டது.

13:30
இதை மேஸ்திரியும் படிக்கும். படிக்கட்டும். அதற்குத் தேறியது, தேறாதது, இரண்டுதான் தெரியும்.

அவர்கள் மூழ்கிய மாதா கோயில் கோபுரத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். கூரைகள் அதற்கு அப்பால். துடுப்புப் போட்டால் முன்னால் போய்விடலாம். ஆனால் போய் என்ன பேசுவேன்? அத்தனை பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை வராது.

கிழித்த படகின் துணியில் தடுப்பு வெட்டி, நான் எடுத்துப்போகும் படகுக்குள் வைத்து ஒட்டலாம். துணி இருக்கிறது, பசை இருக்கிறது.

ஒட்டப் போவதில்லை.

13:50
அறுபதாம் படகை எடுத்துக்கொண்டேன். தேறிய படகு என்பதால் மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டது. கத்தி இடுப்பில். கோபுரத்தடியில் அக்கா பார்க்கும் தூரத்துக்குப் போய், முன் அறையில் ஒரே ஒரு குத்து. மொத்தப் படகும் அவர்கள் கண் முன்னால் அமுங்கும். அதற்குப் பேச்சு வேண்டாம்.

நீந்தத் தெரியும். நீரோட்டம் எப்படியோ

17:30
எழுதுவது: மேஸ்திரி
ஆணை: திட்டிலுள்ள படகுகள் இன்றைய பெருக்கில் மேட்டு நிலம் சேர வேண்டும்.
நிலை: படகுகள் கோபுரத்தடியில் நின்றன. திட்டுக்குத் திரும்புகின்றன.
ஸ்டெனிலா குரலில் அனுப்பியது: "ஏன் அண்ணாச்சி திரும்புதீங்க? எல்லாம் சரியாத்தான இருக்கு."
வந்த பதில், லூர்து: "ஸ்டெனிலா இங்க எங்க படகுல நனைஞ்ச கோழியாட்டம் நடுங்கிட்டு இருக்கா. அவ அக்கா தலை துவட்டிவிடுதா. நீ யாரு?"
ஸ்டெனிலா குரல் இனிப் பயன்படாது.
லூர்து குரல் போதுமான அளவு பதிவாகியுள்ளது.