சத்தத்தை நிறுத்திய கம்ப்யூட்டரும் சத்தம் போட்ட நானும்

அன்பு மகள் சிட்டுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகத்துக்கு மேல் சுகம், நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒரு கண்டம் தப்பி இப்போது சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அதனால் எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் படித்துப் பதிவு செய்து தரும் நூலகம் ஒன்று குரல் தேடுகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு கதையைப் படித்து அனுப்பியிருக்கிறாள். முப்பது வருஷமாக நான் தைக்கத் தைக்க எனக்குப் பேப்பர் படித்துக் காட்டிய குரல், என்னைத் தவிர யார் கேட்டார்கள் சொல். அவர்கள் என்ன பதில் போட்டார்கள் தெரியுமா, குரல் அருமை, ஆனால் பின்னால் மாவு மில் ஓடுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் சத்தமில்லாமல் படித்து அனுப்பினால் பார்க்கிறோம் என்று. உன் அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை. தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான் சிட்டு, அதையும் ஒரு மிஷின் கெடுப்பதா என்று எனக்கு வந்ததே கோபம்!

மாவு மில் வேறொன்றும் இல்லை, உன் கம்ப்யூட்டர் போட்ட இரைச்சல்தான். கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஃபேன்தான் கத்துது, கார்டையே மாத்தணும், புதுசு வர பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நாளுக்கு நான் எங்கே போவேன். என் மரஸ்கேலின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்டின் ஓரத்திலும் வைத்துக் கேட்டேன், வறண்டுபோன தையல் மிஷின் முனகுமே, அதே முனகல். இதற்கா பத்து நாள் என்று கரண்டை நிறுத்தி, கார்டைக் கழற்றி, துணியில் சாக்பீஸ் தூள் தட்டும் பிரஷால் தூசியைத் தள்ளினேன், ஒரு தலையணைக்கு ஆகும். ஃபேன் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஊசியால் நெம்பி, ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, திரும்ப ஒட்டி, மாட்டி, மூடினேன். போட்டதும் பார்க்கணுமே, மூச்சுச் சத்தம்கூட இல்லை! நான் அம்மாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, விடுங்க என்றாள், சிரித்துக்கொண்டே.

மறுநாள், அதாவது வியாழக்கிழமை காலை, படிக்க உட்கார்ந்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரை அணைந்துவிட்டது. தொட்டால் கார்டு தோசைக்கல். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பரவாயில்ல விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க என்றாள் பார், எனக்கு உயிரே போய்விட்டது. திறந்தால், ஃபேன் இறக்கைக்குள் ஒரு நீலத் துணித்துண்டு! தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டால் மிச்சத்தை உறிஞ்ச அடியில் வெட்டுத்துணி வைப்போமே, இங்கேயும் என் கை பழக்கத்தில் வைத்து மூடியிருக்கிறது. ஃபேன் சுற்றவே இல்லை, அதனால்தான் சத்தமே இல்லை! துணியை உருவி, சூடு ஆறவிட்டுப் போட்டேன். வந்துவிட்டது சிட்டு, ஃபேனும் சுற்றியது, சத்தமும் இல்லை.

மத்தியானம் கதவைச் சாத்தி, முதலிலிருந்து படித்தாள். நான் மூலையில் ஸ்டூலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதையில் அந்தக் கிழவர் பஸ்ஸைத் தவறவிடும் இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முடிந்ததும், அவள் பதிவை நிறுத்துவதற்குள், என்னையும் அறியாமல் அட்டகாசம்டி என்று கத்திக் கைதட்டிவிட்டேன். முறைத்தாள். அதை வெட்ட எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்னொரு தடவை படிச்சா இந்த உசுரு இருக்காது, வர்றது வரட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

நேற்றுப் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள்! முதலில் மூன்று புத்தகம். கடைசியில் கைதட்டுகிறவரை மட்டும் இனி வெளியே உட்காரச் சொல்லவும் என்று ஒரு வரி. நானே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எங்க போறீங்க, எதிர்ல ஒரு ஆள் கேட்டாத்தான் எனக்குப் படிக்க வருது, உக்காருங்க, கையை மட்டும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க என்றாள். இன்று முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் மரத்துப்போய்விட்டன.

உன் கம்ப்யூட்டரிலும் தூசி தட்டு, துணி மட்டும் வைக்காதே. முதல் புத்தகம் முடிந்த பிறகு உன்னிடம் தானே சொல்வதாகவும் அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் அம்மாவின் கட்டளை. வாயைத் திறக்கவில்லை, எழுதிவிட்டேன். அவள் சொல்லும்போது முதல்முதலாகக் கேட்பது போலக் கேள், நிறையக் கேள்வி கேள், அவள் குரலைப் பற்றித்தான் கேட்க வேண்டும், ஃபேனைப் பற்றிக் கேட்டுவிடாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

மரத்த கையோடு,
உன் அப்பா