ஏழாம் தூணின் மஞ்சள் கட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே உன் சளி விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா என்று அம்மா நச்சரிக்கிறாள். தம்பிக்கு லாரி கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவனைக் கையில் பிடிக்க முடியாது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

படகுத்துறையில் ஏழாம் தூணில் மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டு, "இதுக்குள்ள ஒட்டுற சிப்பியை மட்டும் தொடாதீங்கப்பா, எத்தனை நிக்குதுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அவற்றை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் சொன்னது பச்சைப் பொய். நான்தான் சுரண்டினேன். தூண்களில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது முப்பது வருஷமாக என் பிழைப்பு, ஆனாலும் ஒரு வருஷம் உன் கட்டத்தைச் சுற்றிச் சுற்றித்தான் சுரண்டி வந்தேன். அன்றைக்கு மேஸ்திரி வந்து நின்று, "இதுக்கு மட்டும் என்னய்யா ராஜ மரியாதை?" என்றார். என் மகள் ஆராய்ச்சிக்கு விட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். முன்பொரு நாள், "சிப்பியப் படிக்கவா உம் பொண்ணு அவ்ளோ தூரம் போனா?" என்று எல்லார் முன்னாலும் அவர் சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன் கண்ணு. அந்த வெட்கத்தில் சுரண்டுகிற இரும்பை எடுத்துவிட்டேன். சீ, நானும் ஒரு அப்பன்.

சிப்பிகள் லேசில் வரவில்லை. குஞ்சாக நீந்தி வந்து, இடம் பிடித்ததும் தானே பசை சுரந்து ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் நகராது என்று நீ சொன்னபோது கதை விடுகிறாய் என்றேன். என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. உடையாமல் வந்த பதினோரு சிப்பியை மனசு கேட்காமல் துறைத் தண்ணீர் வாளியில் போட்டேன். காப்பி மாதிரி கலங்கிய தண்ணீர், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வாளியின் அடி தெரிகிறது. மறுநாள் தூணடியில் கொண்டுபோய் விட்டேன்.

இந்தத் துறையில் சிப்பி நிற்காது என்று உன் புரொபசருக்கு எழுதித் தரப்போகிறாயாம், அம்மா சொன்னாள். எழுதாதே கண்ணு. நின்றன. தண்ணீர் தெளியும், மீன் குஞ்சு ஒண்ட இடம் கிடைக்கும் என்றாயே, அதெல்லாம் நடந்திருக்கும், நான் கெடுத்தேன். இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு. நேற்று கட்டத்துக்கு மறுபடி பெயின்ட் அடித்தேன். மேஸ்திரி என்னவென்று கேட்டார், என் மகளுடையது என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. திட்டுவதற்காவது ஒரு போன் செய்.

உன் முகம் பார்க்கக் கூசும்
அப்பா