வாளுக்குப் பதிலாக வால்

05.07.2025, சனி

எழுத்துகள் சாய்ந்தும் நெளிந்தும் கிடப்பதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதை வாசிக்கப் போவதும் நான்தானே. அப்படியானால் முத்தலிப், நீயே பொறுத்துக்கொள். எழுபது தாண்டிய கை. துறைமுகத்தில் கப்பல் கட்டும் வடத்தை இழுத்துப் பழகிய கைக்குப் பேனை நெத்தலி மாதிரி வழுக்குகிறது.

நான் எழுதப் படிக்கப் பழகும் வகுப்பில் யசோதரா ரீச்சர் சொன்னார்: "நடந்ததை எழுதுங்கோ ஐயா. பிழை வந்தால் வரட்டும்."

நடந்தது இது. ஹஸ்மியின் போன் திருத்தும் கடைக்கு மேலே, சனி பின்னேரங்களில் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து விளையாடுகிறோம். பலகை இல்லை, காய் இல்லை. தாளும் தாயக்கட்டையும் வாயும் போதும். ஹஸ்மி கதையைச் சொல்வான்: குகை, பூதம், மூழ்கிய கப்பல். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். வேடத்தின் வகைக்கு ‘வகுப்பு’ என்று பெயர். ஸெய்னுதீன் சேர் மந்திரவாதி வகுப்பு. அரசாங்கக் கந்தோரில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர்; சின்ன வகுப்பு அவருக்கு அளவாகாது. சுஹைரா மருத்துவச்சி, ஏனென்றால் பார்மசியில் வேலை. நான் வீரன், ஏனென்றால் வீரன் ஒன்றும் வாசிக்கத் தேவையில்லை.

மூன்று வருடமாக என் முறை வந்தால் "வெட்டுறன்" என்பேன். முடிந்தது. சேருடைய முறை வந்தால் தேத்தண்ணி ஆறிவிடும். பறப்பார், மறைவார், நெருப்பு மழை பெய்விப்பார். நான் வாளை ஓங்கும்போது வெட்டுவதற்கு ஆள் மிச்சமிராது.

இன்று புதுக் கதை தொடக்கம். "இந்தமுறை எனக்கு மந்திரவாதி வேணும். இப்ப எனக்கு வாசிக்க ஏலும்" என்றேன்.

"காக்கா, மந்திரப் பக்கம் மட்டும் நாற்பது கிடக்கு," என்றார், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் சேர். "நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பூதத்துக்கே நரை விழுந்திரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

வீரனாகவே இருந்துவிட்டேன். ஆனால் வேடத்தின் பெயர், ஆயுதம் எல்லாம் எழுதும் என் தாளை முதல்தடவையாக நானே நிரப்பினேன். சேர் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆயுதம்: வால்!"

ள வர வேண்டிய இடத்தில் ல. திருத்தப் பேனை எடுத்தேன், சேர் விடவில்லை. தாளில் எழுதியதுதான் சட்டம் என்பது அவர் போட்ட விதி. கயிறு என்று எழுத மறந்ததற்காகப் போன கதையில் சுஹைராவைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனவர்.

ஆக, எனக்கு வாள் இல்லை. வால் இருக்கிறது.

06.07.2025

என் மனைவி ஆமினாவிடம் சொன்னேன். "உங்கட சேட்டைக்கு அது ஒண்டுதான் குறைவாக் கிடந்த" என்றாள்.

12.07.2025, சனி

வால் நல்ல சாமான்! இவ்வளவு காலம் அது இல்லாமல் எப்படி இருந்தேன்?

மூழ்கிய கப்பலின் பாய்மரத்தில் வாலைச் சுற்றித் தொங்கினேன். தொங்கியபடியே காவல்காரனின் இடுப்பிலிருந்து பூட்டின் திறப்பை உருவினேன். பூதத்தின் காலில் சுற்றி அதை விழுத்தினேன். என் முறை வந்தபோது மற்றவர்கள் தேத்தண்ணியை மறந்து என் வாயைப் பார்த்தார்கள். ஹஸ்மி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கினான்.

சேர் சிரிக்கவில்லை. அவருடைய நெருப்பு மழையில் நனைய ஆளில்லை.

"இது சமநிலையைக் கெடுக்குது," என்றார். "ஒரு வகுப்புக்கு மட்டும் இவ்வளவு குடுத்தா மற்றவங்க என்னத்துக்கு?"

"மூண்டு வருசமா உங்கட காயத்துக்கு மருந்து கட்டினதுதான் என்ட விளையாட்டு, சேர்," என்றாள் சுஹைரா. "அப்ப இந்தச் சமநிலை நிலாவெளி பஸ்ஸில ஏறிப் போயிருந்ததா?"

அடுத்த கிழமை வாலை வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் தான் வரப்போவதில்லை என்று சேர் சொல்லிவிட்டார். ஹஸ்மியின் முகம் விழுந்துவிட்டது. ஒருவர் குறைந்தாலும் விளையாட்டு இல்லை. வால் போனால் நான் பழையபடி "வெட்டுறன்" என்று சொல்லும் ஆள். என்ன செய்வது?

15.07.2025, செவ்வாய்

ரீச்சர் பலகையில் ல, ள, ழ எழுதி, நாக்கு எங்கே மடங்கும் என்று காட்டினார். வால், வாள், வாழ். இப்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகும் வாலைத்தான் பிடித்திருக்கிறது. ரீச்சரிடம் சொல்லவில்லை.

17.07.2025

மீன் சந்தையில் சேரைக் கண்டேன். என் முகத்தைப் பார்க்காமல், சூடை மீனைப் பார்த்தபடி கேட்டார்:

"அது எவ்வளவு நீளம், காக்கா?"

"எது சேர்?"

"வால்."

ஓகோ! அப்படியா கதை!

19.07.2025, சனி

போன உடனே சொன்னேன். "வாலை வெட்ட வேணாம் சேர். நீங்களே எடுங்க. எனக்கு மந்திரவாதியைத் தாங்க."

சேர் யோசிப்பதுபோல் மேலே மின்விசிறியைப் பார்த்தார். சமநிலைக்காக ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோருடைய நன்மைக்காகவும் இந்தப் பாரத்தைத் தான் சுமப்பதாகவும் சொன்னார். பிறகு தன் தாளில் ‘வால்’ என்று எழுதினார். கந்தோர் கையெழுத்து, முத்து முத்தாக.

"அப்ப நானும் மாறுறன்," என்றாள் சுஹைரா. "நான் கள்ளன் வகுப்பு."

"அப்ப ஆர் மருந்து கட்டுற?"

"விழாமப் பார்த்துக்கொள்ளுங்க, சேர்."

சேர் செய்த முதல் வேலை, கொடிமரத்தில் வாலைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கியது. கீழே முதலைகள். பலிக்குமா என்று உருட்டிய தாயக்கட்டை அவரைக் கவிழ்த்துவிட்டது: வால் முடிச்சு விழுந்து இறுகியது, ஆள் அங்கேயே. இறக்க மந்திரம் வேண்டும். மந்திரம் என்னிடம்.

மந்திரப் பக்கத்தை விரித்து, விரல் வைத்துக் கூட்டினேன். கா... ற்... றே...

"கெதியா வாசிங்க காக்கா, முதலை பாயுது!"

"பிழையா வாசிச்சாப் பிழையானதுதான் நடக்கும், சேர். சட்டம்."

சுஹைரா அடுத்த சொல்லை எடுத்துத் தர வந்தாள். வேண்டாம் என்றேன். மூன்று வரி வாசித்தேன். நானே வாசித்தேன். மூன்று பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்திரம் என்றால் இப்படித்தான் இருக்குமாக்கும். நாலாம் வரியில் மாலை மஃரிப் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஹஸ்மி கடையைப் பூட்டினான்.

"வீட்டில ஒருக்கா வாசிச்சுப் பழகிட்டு வாங்க," என்று படியில் வைத்துச் சேர் கெஞ்சினார். கெஞ்சினார் என்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன், இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

பக்கம் இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. மிச்சம் ஏழு வரி. அவசரமில்லை. அடுத்த சனி அவரை இறக்கிவிட்டு, எப்படி இறங்கினார் என்பதை இங்கே எழுதுவேன். அதுவரை தொங்கட்டும்.